‘செல்’ மட்டும் போதாது... ‘நில்’லும் வேண்டும்!

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை. கிளினிக்கில் கூட்டம் குறைந்திருந்த நேரம். பேங்கில் வேலை பார்த்து ரிடையர் ஆன ஒருவர் மனைவியோடு வந்தார். நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே பையிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்து என் மேஜை மேல் வைத்தார்.

"டாக்டர், இதைக் கொஞ்சம் பாருங்க. உடம்புல தேய்ஞ்சுபோன செல்லையெல்லாம் திரும்பப் பெருக்கிடுமாம். எல்லாம் மூலிகைதானாம். ஒரு மண்டலம் சாப்பிட்டா போதும்னு போட்டிருக்கு. முழங்கால் வலிக்குன்னு வாங்கினேன்."

பாட்டிலைத் திருப்பிப் பார்த்தேன். பளபளப்பான லேபிள், பச்சை இலை படம். விலையைப் பார்த்ததும் எனக்கே மூச்சு முட்டியது!

நான் பதில் சொல்வதற்குள் அந்த அம்மா தயங்கித் தயங்கிக் கேட்டார். "இதை நானும் சாப்பிடலாமா டாக்டர்? மார்புல இந்தப் பக்கம் ஒரு கட்டி மாதிரி தட்டுப்படுது. வலி ஒண்ணும் இல்லை. மூணு மாசமா இருக்கு. இவர்கிட்டகூடச் சொல்லலை..."

கணவர் திடுக்கிட்டு மனைவியைப் பார்த்தார். நான் பாட்டிலை எடுத்து ஓரமாக வைத்தேன்.

அன்றைக்கு அவர்களோடு முக்கால் மணி நேரம் பேசினேன். வெளியே அடுத்த நோயாளி இருமிக் காட்டிய பிறகுதான் நிறுத்தினேன். அன்று அவர்களிடம் சொன்னதை உங்களிடமும் சொல்லியாக வேண்டும் என்று தோன்றுகிறது. ஏனென்றால் இன்றைக்கு எதை எடுத்தாலும் ‘செல்’தான். முகத்துக்குப் பூசுகிற க்ரீமில் செல், சத்து மாத்திரையில் செல், முடி வளர்க்கும் எண்ணெயில்கூட செல்! ‘செல்லைப் புதுப்பிக்கும்’, ‘செல்லைப் பெருக்கும்’ என்று சொன்னால் போதும், நாம் பர்ஸைத் திறந்துவிடுகிறோம்.

செல் பெருகுவது நல்லதுதானே என்று நீங்கள் கேட்கலாம். அங்கேதான் விஷயமே இருக்கிறது.

அப்பாவும் இல்லை, அம்மாவும் இல்லை

பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரியில் நான் படித்துக்கொண்டிருந்த காலம். குணபாட வகுப்பில் எங்கள் பேராசிரியர் ஒரு ரணகள்ளி இலையைக் கிள்ளிக்கொண்டு வந்து ஈர மணல் போட்ட தட்டில் வைத்தார். "தினமும் ஒருதடவை பாருங்கடே" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

இரண்டு வாரத்தில் அந்த இலையின் ஓரத்தில், பல்பல்லாக இருக்கிற இடங்களிலிருந்து, குட்டிக்குட்டிச் செடிகள் கிளம்பின. ஒவ்வொன்றுக்கும் தனி வேர், தனி இலை! பேராசிரியர் கேட்டார்: "இதுக்கு அப்பா யாரு, அம்மா யாரு?" நாங்கள் விழித்தோம். "ரெண்டும் இந்த இலைதாம்டே" என்றார்.

இதைத்தான் பாலிலா இனப்பெருக்கம் என்கிறார்கள். பூ வேண்டாம், மகரந்தம் வேண்டாம், விதை வேண்டாம். தாயின் உடம்பில் ஒரு துண்டே பிள்ளையாகிவிடுகிறது. அந்தப் பிள்ளை தாயின் அச்சு அசல் நகல்.

இது ஏதோ அபூர்வமான சமாச்சாரம் என்று நினைத்துவிடாதீர்கள். உங்கள் வீட்டுக் கொல்லையில், அது இல்லாவிட்டால் மொட்டைமாடித் தொட்டியில், தினமும் நடப்பதுதான். கற்றாழை பக்கத்தில் கன்று விடுகிறது. பிரண்டையை ஒரு கணு ஒடித்து ஊன்றினால் துளிர்க்கிறது. கற்பூரவல்லிக்கு ஒரு கிளை போதும். வெற்றிலையைக் கொடியை வெட்டி நடுகிறோம். மஞ்சளையும் இஞ்சியையும் கிழங்கை நட்டே வளர்க்கிறோம். நாங்கள் மருந்துக்கு எடுக்கிற மூலிகைகளில் பல இந்த ஜாதிதான்!

கல்யாண வீட்டு வாசலில் வாழை மரம் கட்டி, "வாழையடி வாழையா தழைச்சு வாழணும்" என்று வாழ்த்துகிறோமே, அந்த வாழையும் அப்படித்தான். நாம் சாப்பிடுகிற வாழைப்பழத்தில் முளைக்கிற விதை கிடையாது. தாய் மரத்தின் கிழங்கிலிருந்து கிளம்புகிற பக்கக்கன்றுதான் அடுத்த தலைமுறை.

நகல் என்றால் நல்லது மட்டுமா வரும்? குறையும் சேர்ந்துதான் வரும். ‘க்ரோஸ் மிஷேல்’ என்று ஒரு வாழை. ஒரு காலத்தில் உலகச் சந்தையில் விற்ற ஏற்றுமதிப் பழம் பெரும்பாலும் அதுதான். மத்திய அமெரிக்காவில் ஏக்கர் ஏக்கராக அதையே நட்டார்கள். வேர் வழியாக ஏறும் ‘பனாமா வாடல்’ என்ற பூஞ்சை நோய் வந்தது. ஒரு மரத்தை விழுத்தாட்டத் தெரிந்த பூஞ்சைக்கு அத்தனை மரத்தையும் விழுத்தாட்டத் தெரிந்துவிட்டது! 1950-களிலும் 60-களிலும் அந்த ரகத்தை வியாபாரிகள் கைவிட்டு ‘கேவண்டிஷ்’ ரகத்துக்கு மாற வேண்டியதாயிற்று. நகலில் பிழையும் நகலாகும் என்ற இந்த ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

முப்பது தடவை மடங்கினால்...

இன்னும் சின்ன உயிர்களுக்கு வருவோம். இட்லிக்கு அரைத்து வைத்த மாவு ராத்திரி எப்படிப் பொங்குகிறது? மாவில் இருக்கிற நுண்ணுயிர்கள் பெருகுவதால்தான். பாக்டீரியா என்றால் ஒன்று இரண்டாகப் பிளந்துகொள்ளும். அவ்வளவுதான் அதன் குடும்ப வாழ்க்கை!

நம் குடலில் வாழும் ஈ.கோலை என்ற பாக்டீரியா, நல்ல தீனியும் சூடும் கிடைத்தால் 20 நிமிஷத்துக்கு ஒருமுறை இரண்டாகும். ஒன்று இரண்டு, இரண்டு நாலு, நாலு எட்டு... 10 தடவை மடங்கினால் 1,024. 20 தடவையில் 10 லட்சத்தைத் தாண்டும். 30 தடவையில்? 107 கோடி! பத்து மணி நேரத்தில் ஒன்று 107 கோடியாகிவிடும்.

இந்த ‘30 தடவை, 100 கோடி’ கணக்கையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அப்படியென்றால் இட்லி மாவு ஏன் வீடு முழுக்கப் பொங்கி வழியவில்லை? தீனி குறைகிறது, புளிப்பு ஏறுகிறது. ஒரு கட்டத்துக்கு மேல் அந்தப் புளிப்பே நுண்ணுயிர்களின் வேகத்தை அடக்கிவிடுகிறது. பெருகுவது அதன் சுபாவம். நிறுத்துவது வெளியிலிருந்து வருகிறது.

நம் உடம்பு அப்படி இல்லை. நம் உடம்பு நிறுத்தவும் கற்றுக்கொண்ட உடம்பு.

உடம்புக்குள் கேட்கும் ‘நில்’

தாயின் வயிற்றில் நாம் எல்லோரும் ஒரே ஒரு செல்லாகத்தான் இருந்தோம். அது இரண்டாகி, நாலாகி, கோடி கோடியாகி நீங்களும் நானும் ஆனோம். சில சமயம் அந்த ஆரம்பக் கரு இரண்டாகப் பிரிந்து இரண்டு குழந்தையாகும். ஒரே மாதிரி இருக்கும் இரட்டையர்கள் அப்படிப் பிறப்பவர்கள்தான். ‘க்ளோனிங்’, ‘க்ளோனிங்’ என்று உலகமே அலறுவதற்கு எத்தனையோ யுகம் முன்பே இயற்கை அதைச் செய்து காட்டிவிட்டது!

பிறந்த பிறகும் செல் பிரிவது ஓயவில்லை. நீங்கள் இந்த வரியைப் படிக்கிற ஒரு விநாடிக்குள் உங்கள் எலும்பு மஜ்ஜை 20 லட்சத்துக்கும் மேல் புது ரத்தச் சிவப்பணுக்களை உண்டாக்கியிருக்கும். குடலின் உள்தோல் சில நாட்களுக்கு ஒருமுறை புதிதாகிவிடும். வெளித்தோலுக்கு ஏறக்குறைய ஒரு மாதம்.

ஆனால் கவனியுங்கள். விரலில் கத்தி பட்டுக் காயம் ஆகிறது. காயத்தின் இரண்டு ஓரத்திலிருந்தும் தோல் செல்கள் பெருகி நகர்ந்து வருகின்றன. நடுவில் ஒன்றையொன்று தொட்டதும்? நின்றுவிடுகின்றன! ஈரலில் மூன்றில் இரண்டு பங்கை ஆபரேஷன் செய்து எடுத்துவிட்டாலும், மீதி ஈரல் ஆரோக்கியமாக இருந்தால் வளர்ந்துவிடும். பழைய அளவுக்கு வந்ததும் அதுவும் நின்றுவிடும்.

இன்னொன்றும் உண்டு. கருவில் குழந்தையின் கை முதலில் துடுப்பு மாதிரி இருக்கும். விரல்களுக்கு இடையில் இருக்கிற செல்கள் ‘எங்கள் வேலை முடிந்தது’ என்று தாமாகவே அழிந்துபோவதால்தான் ஐந்து விரலும் தனித்தனியாகின்றன. வளரத் தெரிந்த செல், நிற்கவும் தெரிந்த செல், தேவைப்பட்டால் மறையவும் தெரிந்த செல். இந்த மூன்றும் சேர்ந்ததுதான் ஆரோக்கியம்.

இதற்கும் மேலே ஒரு பூட்டு. சாதாரண மனித செல்லைக் கண்ணாடிக் கிண்ணத்தில் போட்டு வளர்த்தால், ஏறக்குறைய 50 தடவை பிரிந்த பிறகு தானாக நின்றுவிடும். 1961-ல் லெனார்ட் ஹேஃப்ளிக் என்ற அமெரிக்க விஞ்ஞானி இதைக் காட்டினார். தமிழில் ‘செல்’ என்றால் ‘போ’ என்று அர்த்தம். நம் உடம்பு ஒவ்வொரு ‘செல்’லுக்கும் பக்கத்தில் ஒரு ‘நில்’லை வைத்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

டாலி சொன்ன பாடம்

1996 ஜூலையில் ஸ்காட்லாந்தில், எடின்பரோ பக்கத்தில் இருக்கும் ராஸ்லின் ஆராய்ச்சி நிலையத்தில் ஒரு பெண் ஆட்டுக்குட்டி பிறந்தது. பெயர் டாலி. 1997 பிப்ரவரியில் செய்தி வெளியானபோது உலகமே பரபரத்தது. ஆறு வயது ஆடு ஒன்றின் மடியிலிருந்து எடுத்த ஒரு செல்லை, உட்கரு நீக்கிய முட்டையோடு இணைத்து, வேறொரு ஆட்டின் கருப்பையில் வளர்த்தார்கள். ரணகள்ளி இலை செய்வதை ஆட்டை வைத்துச் செய்து பார்த்தார்கள்! அதற்கு அவர்கள் இப்படி இணைத்துப் பார்த்த முட்டைகள் 277. பிழைத்துப் பிறந்தது டாலி ஒன்றுதான்.

இதிலிருந்து நாம் தெரிந்துகொள்வது என்ன? மடியில் இருக்கிற செல்லுக்குள்ளும் முழு ஆட்டையும் உண்டாக்கும் புத்தகம் இருக்கிறது. ஆனால் அது தனக்கு வேண்டிய பக்கத்தை மட்டும் படிக்கிறது. மற்ற பக்கங்களை ஒட்டி மூடி வைத்திருக்கிறது. அந்த ஒட்டைப் பிரிப்பது எவ்வளவு கஷ்டம், எவ்வளவு தடவை தோற்கும் என்பதற்கு 277 என்ற எண்ணே சாட்சி.

நல்லவேளை, கஷ்டமாக இருக்கிறது! பிரிக்கக் கூடாத பக்கம் தானாகப் பிரிந்துகொண்டால் என்ன ஆகும்?

‘நில்’ மறந்த ஒரு செல்

அதுதான் புற்றுநோய்.

எங்கிருந்தோ வெளியே இருந்து வந்து புகுந்த பூதம் இல்லை அது. பெரும்பாலும் நம் உடம்பின் ஒரே ஒரு செல்லில் ஆரம்பிக்கிறது. அதன் புத்தகத்தில் பிழைகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்து, ‘நில்’ என்று எழுதியிருக்கிற வரிகள் அழிந்துபோகின்றன. அது இரண்டாகிறது. பிள்ளை செல்லுக்கும் அதே பிழை. அதன் பிள்ளைக்கும் அதே பிழை. வாழைக்கு நான் சொன்ன கதை இதுதான். கட்டி என்பது, தவறிப்போன ஒரு செல்லின் வாழையடி வாழை!

அந்த வம்சம் எவ்வளவு காலம் நீளும் தெரியுமா? அமெரிக்காவில் ஹென்ரியெட்டா லாக்ஸ் என்ற பெண்மணி, கர்ப்பப்பை வாய்ப் புற்றால் 1951-ல் 31 வயதில் இறந்துபோனார். அவரைக் கேட்காமலே டாக்டர்கள் எடுத்து வளர்த்த அவருடைய புற்று செல்கள், ‘ஹீலா’ என்ற பெயரில் உலகத்தின் ஆராய்ச்சிக்கூடங்களில் இன்றைக்கும் பிரிந்துகொண்டே இருக்கின்றன. 50 தடவையில் நிற்கிற பூட்டு அவற்றுக்கு இல்லை. சாகாவரம் என்று நாம் கதைகளில் கேட்கிறோமே, அது செல்லுக்குக் கிடைத்தால் இப்படித்தான் இருக்கும். செல்லுக்கு வரம்... ஆளுக்குச் சாபம்.

இங்கே ஒரு விளக்கம் சொல்லிவிடுகிறேன். புற்று ஒட்டுவாரொட்டி இல்லை. டாஸ்மேனியா தீவில் ‘டெவில்’ என்று ஒரு விலங்கு உண்டு. அவை கடித்துக்கொள்ளும்போது முகப் புற்று ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவுவதை விஞ்ஞானிகள் பார்த்திருக்கிறார்கள். நம் வீடுகளில் அப்படிக் கிடையாது. கர்ப்பப்பை வாய்ப் புற்றுக்கு வழி வகுக்கும் வைரஸ் ஒன்று பரவும். அதற்குத் தடுப்பூசி வந்துவிட்டது. ஆனால் கூட உட்கார்ந்து சாப்பிடுவதாலோ, தொட்டுப் பணிவிடை செய்வதாலோ புற்று தொற்றாது. நோயாளிக்குத் தனித் தட்டு, தனி டம்ளர் வைக்கிற வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

இப்போது அந்த 30 தடவை கணக்கு. ஒரு சென்டிமீட்டர் கட்டி, அதாவது கையில் தட்டுப்படுகிற ஒரு கொண்டைக்கடலை அளவு, ஏறக்குறைய 100 கோடி செல்கள் கொண்டது என்று டாக்டர்கள் கணக்குப் போடுகிறார்கள். அதாவது அது ஏற்கனவே 30 தடவை மடங்கிவிட்டது! இன்னும் 10 தடவை மடங்கினால் ஒரு கிலோ. உடம்பு தாங்காது. நிஜத்தில் எல்லா செல்லும் ஒரே வேகத்தில் பிரிவதில்லை, நடுவில் பல செத்தும் போகும். வேகமும் நோய்க்கு நோய் மாறும். ஆனாலும் கணக்கின் சாரத்தைப் பாருங்கள். ‘இப்பத்தானே ஆரம்பிச்சிருக்கு, கொஞ்சநாள் பார்ப்போம்’ என்று நாம் சொல்லும்போது, அதன் பாதையில் முக்கால்வாசி முடிந்துவிட்டது.

நான் செய்த தவறு

இதை எழுத எனக்குத் தயக்கமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் எழுதாமல் இருந்தால் மேலே சொன்னதெல்லாம் வெறும் பாடப்புத்தகம் ஆகிவிடும்.

டாலி செய்தியைப் பேப்பரில் படித்துவிட்டு நண்பர்களோடு டீக்கடையில் விவாதம் பண்ணிக்கொண்டிருந்த அதே 1997. ஒரு சின்ன ஊரில் கிளினிக் போட்டு உட்கார்ந்திருந்தேன். எனக்கு 28 வயது. நாற்பத்தைந்து வயது இருக்கும் ஒரு அக்கா வந்தார். இடது மார்பில் கட்டி. வலி இல்லை. தொட்டுப் பார்த்தேன், நாடி பிடித்தேன். சாதாரணக் கட்டி என்று எனக்கு நானே முடிவு செய்துகொண்டேன். உள்ளுக்கு ஒரு சூரணமும் மேலே போட ஒரு பற்றும் கொடுத்தேன்.

பதினைந்து நாளைக்கு ஒருமுறை தவறாமல் வருவார். "தம்பி, நீங்க குடுத்த பத்துல கொஞ்சம் இளகின மாதிரி இருக்கு" என்பார். அது அவருடைய ஆசை. எனக்கும் அதைக் கேட்க ஆசை. இரண்டு ஆசையும் சேர்ந்து நாலு மாதத்தை விழுங்கிவிட்டன. ஐந்தாவது மாதம் காம்பு உள்ளே இழுத்திருந்தது. அக்குளில் நெறி கட்டியிருந்தது. அப்போதுதான் எனக்குக் கை நடுங்கியது. உடனே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். ஆபரேஷன், மருந்து, கரண்ட் வைத்தியம் எல்லாம் நடந்தது. இரண்டு வருஷத்துக்குக் கொஞ்சம் அதிகமாக இருந்தார்.

காரியமெல்லாம் முடிந்து ஒருநாள் அவர் கணவர் கிளினிக்குக்கு வந்தார். சண்டை போடத்தான் வருகிறார் என்று நினைத்தேன். ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "தம்பி, முதல் நாளே அனுப்பியிருந்தா பிழைச்சிருப்பாளா?"

என்னிடம் பதில் இல்லை. இன்றைக்கும் இல்லை. ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்கிற நிலைமைக்கு அவரைக் கொண்டுபோனவன் நான்தான்.

அன்றையிலிருந்து என் கிளினிக்கில் ஒரு சட்டம். எந்தக் கட்டியாக இருந்தாலும் முதலில் ஸ்கேன், டாக்டர் சொன்னால் பயாப்ஸி. ரிப்போர்ட் வந்த பிறகுதான் என் மருந்துப் பொட்டலம்.

பாட்டிலுக்கு வருவோம்

‘செல்லைப் புதுப்பிக்கும்’ பாட்டிலைப் பற்றி என் அபிப்பிராயம் இதுதான். ஒன்று, அது பொய். உண்மையாக இருந்தால், ஆபத்து!

ஏன் அப்படிச் சொல்கிறேன்? வளர்ந்து முடிந்த செல்லைத் திரும்ப இளமையாக்க முடியும் என்பது வாஸ்தவம்தான். 2006-ல் ஜப்பானில் ஷின்யா யமனாகா என்ற விஞ்ஞானி எலியின் தோல் செல்லில் நான்கு மரபணுக்களைச் செலுத்தி அதைக் கருநிலைக்குத் திருப்பிக் காட்டினார். 2012-ல் நோபல் பரிசும் வாங்கினார். ஆனால் அந்த நான்கில் ஒரு மரபணு, புற்றோடு சம்பந்தப்பட்டது. அந்த முறையில் உண்டான எலிகள் சிலவற்றில் கட்டிகள் வந்தன. அதைத் தவிர்ப்பதற்காக எத்தனையோ ஆராய்ச்சியாளர்கள் வருஷக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறார்கள். இளமைக்கும் புற்றுக்கும் நடுவில் இருக்கிற சுவர் அவ்வளவு மெல்லியது. அதைத் தாண்டிப் பத்திரமாகக் கூட்டிப்போகிறேன் என்று தபாலில் வருகிற ஒரு பாட்டில் சொன்னால் நம்பலாமா?

செல்லை வைத்துச் செய்யும் சிகிச்சையே இல்லை என்று நான் சொல்லவில்லை. எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை அதுதான். நம் வேலூர் சி.எம்.சி.யில் 1986-லேயே தொடங்கிவிட்டார்கள். ரத்தப் புற்றிலிருந்தும், பிறவி ரத்தக் குறைபாட்டிலிருந்தும் பிழைத்த பிள்ளைகள் இன்றைக்குக் கல்யாணம் பண்ணிக்கொண்டு குடும்பம் நடத்துகிறார்கள். ஆனால் அங்கே எந்த செல், எவ்வளவு, யாருக்கு, என்ன ஆபத்து என்று எல்லாவற்றுக்கும் கணக்கு உண்டு. பாட்டிலில் கணக்கு இல்லை, இலை படம்தான் உண்டு!

"நம்ம வைத்தியத்தை நீங்களே குறை சொல்லலாமா?" என்று என் சக வைத்தியர்கள் சிலர் வருத்தப்படுகிறார்கள். நான் குறை சொல்வது வைத்தியத்தை இல்லை. வைத்தியத்தின் பெயரில் நடக்கிற வியாபாரத்தை. எங்கள் முன்னோர்கள் இந்த நோயைப் பார்க்காதவர்கள் இல்லை. ‘புற்று’ என்று பெயர் வைத்தார்கள் பாருங்கள்... கறையான் புற்று மாதிரி உள்ளே வளை பறித்துக்கொண்டு, வெளியே மேடிட்டு வளர்வது! கண்ணால் பார்த்ததை மறைக்காமல் சொன்ன வைத்தியம் அது. இன்றைக்கு மைக்ராஸ்கோப் காட்டுவதைப் பார்க்க மாட்டேன் என்று சொன்னால், அந்த முன்னோர்களுக்குத்தான் அவமரியாதை. நாடியில் உடம்பின் போக்கு தெரியும். கட்டிக்குள் இருக்கிற செல்லின் குணம் தெரியாது. இதை ஒப்புக்கொள்வதில் எனக்கு வெட்கம் இல்லை.

சட்டமும் இதைத்தான் சொல்கிறது. புற்றைக் குணமாக்குவதாக விளம்பரம் செய்வது, 1954-ம் வருஷத்து மருந்து மற்றும் மாய மருத்துவ விளம்பரச் சட்டப்படி குற்றம். சித்த மருந்துக்கும் அந்தச் சட்டம் பொருந்தும். அதே 1954-ல்தான் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை தொடங்கியது. தன் தங்கையைப் புற்றுக்குப் பறிகொடுத்தவர் அவர். துக்கத்தை வைத்துக்கொண்டு அவர் ஆஸ்பத்திரி கட்டினார். நாம் பாட்டில் வாங்குகிறோம்!

நீங்கள் செய்ய வேண்டியது

மார்பிலோ, கழுத்திலோ, அக்குளிலோ, வேறு எங்கேயோ புதிதாகக் கட்டி தட்டுப்பட்டால், வலி இல்லையே என்று சும்மா இருக்காதீர்கள். வலி இல்லாததுதான் பல சமயம் ஏமாற்றும். மூன்று வாரம் ஆகியும் ஆறாத வாய்ப்புண், காரணம் இல்லாமல் நீடிக்கிற தொண்டைக் கட்டு, விழுங்குவதில் சிரமம், மலத்தில் ரத்தம், மாதவிலக்கு நின்ற பிறகு உதிரப்போக்கு, காரணம் புரியாமல் எடை குறைவது... இவற்றில் எது இருந்தாலும் டாக்டரிடம் காட்டுங்கள். புகையிலை போடுகிற பெரியவர்கள் வீட்டில் இருந்தால் அவர்கள் வாயை நீங்களே டார்ச் அடித்துப் பாருங்கள்.

ஊசி குத்திச் சோதித்தால் நோய் பரவிவிடும் என்று பயந்து தள்ளிப்போடாதீர்கள். அந்தப் பயத்தால் போனவர்களை நான் பார்த்திருக்கிறேன். செலவுக்குப் பயப்படுகிறவர்கள், அரசு மருத்துவமனையிலும் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்திலும் என்ன வசதி இருக்கிறது என்று முதலில் விசாரியுங்கள்.

பெண்களுக்குத் தனியாக ஒன்று. வீட்டில் யாருக்காவது தலைவலி என்றால் ஓடுகிற நீங்கள், உங்கள் உடம்பில் ஒரு கட்டியை மூன்று மாதம் ஒளித்து வைக்கிறீர்கள். ‘பொண்ணு பரீட்சை முடியட்டும்’, ‘பண்டிகை போகட்டும்’ என்கிறீர்கள். செல்லுக்குப் பண்டிகையும் தெரியாது, பரீட்சையும் தெரியாது.

புற்று என்று தெரிந்து சிகிச்சை நடக்கும்போது எங்களைப் போன்றவர்களுக்கு வேலையே இல்லையா? உண்டு. பசியில்லாமை, வாய்ப்புண், தூக்கமின்மை, மலச்சிக்கல் போன்ற உபத்திரவங்களைக் குறைக்க நாங்கள் துணை நிற்கலாம். ஆனால் அந்தப் புற்றுநோய் டாக்டருக்குத் தெரியாமல் ஒரு கஷாயம்கூடக் குடிக்காதீர்கள். சில மூலிகைகள் அங்கே கொடுக்கிற மருந்தோடு மோதும். தெரிந்து கொடுப்பதுதான் வைத்தியம், தெரியாமல் கொடுப்பது சூதாட்டம்.

‘செல்லைப் பெருக்கும்’ என்று யாராவது எதையாவது நீட்டினால், சண்டை போட வேண்டாம். "சரிங்க, பெருகினதை நிறுத்துறது எது?" என்று ஒரே ஒரு கேள்வி மட்டும் கேளுங்கள். பதில் வருகிறதா பாருங்கள்.

அந்த அம்மா என்ன ஆனார் என்றுதானே நினைக்கிறீர்கள்? மறுநாளே கணவர் அழைத்துப்போனார். ஸ்கேன் எடுத்து, ஊசியால் உறிஞ்சிச் சோதித்தார்கள். பன்னிரண்டாம் நாள் ரிப்போர்ட்டோடு வந்து நின்றார்கள். வெறும் கொழுப்புக் கட்டி. பயப்பட ஒன்றுமில்லை. கட்டிகளில் பெரும்பாலானவை இப்படித்தான் இருக்கும். ஆனால் எது அந்தப் பெரும்பாலானவை, எது மிச்சம் என்று சோதித்தால்தானே தெரியும்?

"மூணு மாசமா ராத்திரி தூங்கலை டாக்டர். நேத்துதான் தூங்கினேன்" என்றார் அந்த அம்மா.

அவருடைய கணவரின் முழங்கால் வலிக்குத் தைலமும் நடைப்பயிற்சியும் சொல்லி அனுப்பினேன். பாட்டில் இன்னும் என் மேஜையில்தான் இருக்கிறது. திரும்ப வாங்கிப்போக அவர் கேட்கவே இல்லை. பக்கத்தில் ஒரு தொட்டியில் ரணகள்ளி. நேற்று பார்த்தேன், ஒரு இலை உதிர்ந்து மண்ணில் கிடந்தது. அதன் ஓரத்தில் நாலு குட்டிச் செடி. இலைக்கு அது அழகு. நமக்கு, நிற்க வேண்டிய இடத்தில் நிற்பதுதான் அழகு.

நீங்கள் ஏதாவது கட்டியை ஒளித்து வைத்திருந்தால், இந்தப் பத்திரிகையை மூடி வைத்துவிட்டு இன்றைக்கே வீட்டில் சொல்லுங்கள். நாளைக்கு டாக்டரைப் பாருங்கள்.